போர்முனையில் சண்டையே போடாத கடைசிச் சிப்பாய்: ஃபிராங்க் பக்கிள்ஸின் 110 வருஷம்

கேள்வி இதுதான்: "முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கர்களில் கடைசியாக இறந்தவர் மாடு வளர்த்த ஒரு விவசாயி என்று படித்தேன். அவர் போர்முனையில் சண்டையே போட்டதில்லையாமே? அப்புறம் எதற்காகக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள், ஜனாதிபதி எதற்காக நேரில் போய் அஞ்சலி செலுத்தினார்?"

அந்த மனிதர் ஃபிராங்க் பக்கிள்ஸ். 1901 பிப்ரவரி 1-ல் பிறந்தார், 2011 பிப்ரவரி 27-ல் தன் பண்ணை வீட்டில் இறந்தார். வயது 110. நீங்கள் படித்த இரண்டும் சரிதான். அவர் பண்ணைக்காரர், சண்டை போட்டதும் இல்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "கடைசிச் சிப்பாய்" என்ற பட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் ராணுவச் சீருடை போட்டிருந்தது மொத்தமே இரண்டரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானியர்களின் முகாமில் அடைபட்டுக் கிடந்தது மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகம். மேற்கு வர்ஜீனியாவில் மாட்டுப் பண்ணை வைத்து உழைத்ததோ 57 வருஷம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மிசோரி மாநிலத்தில் பெத்தனி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் அவருக்கும் அண்ணன் ஒருவனுக்கும் ஒன்றாக ஸ்கார்லெட் காய்ச்சல் கண்டது. அண்ணன் இறந்துவிட்டான், இவர் பிழைத்தார். அந்தக் காலத்தில் பண்ணைப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் குதிரையோடு பழக்கம் வந்துவிடும். 15 வயதில், உழவுக்கும் வண்டிக்கும் பயன்படும் குதிரைகளை ரயில் சரக்குப் பெட்டியில் ஏற்றி, கூடவே பயணம் செய்து, ஓக்லஹோமாவில் ஓக்வுட் என்ற சின்ன ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கால்நடைகளை ரயிலில் அனுப்பினால் தண்ணீர் காட்டவும் தீனி போடவும் ஒரு ஆள் உடன் போக வேண்டும். அந்த ஆளாக இந்தப் பையன் போனான். போன ஊரிலேயே தங்கி, பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு அங்கிருந்த வங்கியில் வேலையும் பார்த்தான்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. பக்கிள்ஸுக்கு அப்போது 16 வயது. செய்தித்தாள்களை விடாமல் படிக்கிற பையன், ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி. அந்தக் கோடையில் கேன்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரத்துக் கண்காட்சிக்குப் போனவன், அங்கே ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மரைன் படையினரிடம் போய் நின்றான். வயது 18 என்றான். 21 ஆக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துப் போய் 21 என்றான். இந்தத் தடவை எடை போதாது என்றார்கள். சரி என்று கடற்படைக்குப் போனான். அங்கே தட்டைப் பாதம் என்று கழித்துவிட்டார்கள்.

கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் தரைப்படை ஆள்சேர்ப்பு நிலையம். அங்கிருந்த கேப்டன் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். பையன் அசரவில்லை. நான் பிறந்த காலத்தில் மிசோரியில் பிறப்பைப் பதிவு செய்கிற வழக்கம் இல்லை, எங்கள் குடும்பப் பைபிளில்தான் எழுதி வைத்திருப்பார்கள், அதைத் தூக்கிக்கொண்டா இங்கே வரச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். கேப்டன் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். தேதி 1917 ஆகஸ்ட் 14.

இந்தக் கதையைப் பக்கிள்ஸ் நூறு வயதுக்குப் பிறகும் ஒரு சொல் மாறாமல் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இதில் தெரிவது அந்தப் பையனின் பிடிவாதம்தான். ஒரு கதவு அடைத்தால் அடுத்த கதவைத் தட்டுகிற அந்தக் குணம் வாழ்நாள் முழுக்க அவரிடம் இருந்தது.

படையில் சேர்ந்ததும் ஒரு பழைய சார்ஜென்ட் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். சீக்கிரம் பிரான்ஸுக்குப் போக வேண்டுமா, ஆம்புலன்ஸ் பிரிவில் சேர், அவர்களுக்குத்தான் அவசரமாக ஆள் வேண்டும் என்றார். அப்படியே செய்தார். கேன்சஸில் ஃபோர்ட் ரைலி முகாமில், பள்ளத்தில் விழுந்து கிடப்பவரை எப்படித் தூக்குவது, வண்டியில் எப்படி ஏற்றுவது என்று பயிற்சி. அந்த முகாம் வளாகத்தில்தான் அடுத்த வருஷ வசந்தத்தில் இன்ஃப்ளூயன்ஸா பரவியது. பக்கிள்ஸ் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

1917 டிசம்பரில் அவரை ஏற்றிக்கொண்டு போன கப்பலின் பெயர் கார்பேதியா. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய இரவில் பனிக்கட்டிகளுக்கு நடுவே விரைந்து போய், படகுகளில் தத்தளித்த எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டது இதே கப்பல்தான். அந்த மீட்பில் இருந்த பழைய மாலுமிகள் சிலர் இன்னும் கப்பலில் வேலை பார்த்தார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும்போது அவர்கள் வாயாலேயே டைட்டானிக் கதையைக் கேட்டிருக்கிறார் பக்கிள்ஸ். 2011 வரை உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு இப்படி ஒரு நினைவு இருந்தது என்பதை நினைத்தாலே எனக்கு வியப்பாக இருக்கும். ஏழு மாதம் கழித்து, 1918 ஜூலையில், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி கார்பேதியாவை மூழ்கடித்தது.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் அருகே முகாம். அங்கே அவருக்குக் கிடைத்தது ஓட்டுநர் வேலை. பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள், கார், ஆம்புலன்ஸ், எதைக் கொடுத்தாலும் ஓட்டினார். ஆனால் பிரான்ஸ் போகாமல் இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டோமே என்று மனசு கேட்கவில்லை. கண்ணில் பட்ட அதிகாரிகளையெல்லாம் நச்சரித்தார். ஒருவழியாக, பின்தங்கிவிட்ட ஒரு அதிகாரியைத் தன் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை கிடைத்து, போர்டோ நகரம் போனார். அப்படித்தான் பிரான்ஸ் மண்ணை மிதித்தார்.

பதுங்குகுழிப் பக்கம் அவர் போகவே இல்லை. போனதாக அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போர் மனிதர்களை என்ன செய்தது என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தார். முன்னணியிலிருந்து விடுப்பில் வந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் கிராமத்துக் கடைகளில் இருந்த காசுக்கு மலிவு ஒயின் வாங்கி, கோப்பையை உயர்த்தித் தங்கள் தேசிய கீதத்தைப் பாடிய காட்சியைக் கடைசி வரை நினைவில் வைத்திருந்தார்.

1918 நவம்பரில் சண்டை நின்றது. அவருக்கு உடனே ஊர் திரும்ப முடியவில்லை. ஜெர்மன் போர்க்கைதிகளை அவர்கள் நாட்டில் கொண்டுபோய் விடும் காவல் பிரிவில் போட்டார்கள். 650 கைதிகளை அழைத்துக்கொண்டு போனது அந்தப் பிரிவு. ஒரு ஜெர்மன் கைதி தன் இடுப்பு வாரின் பித்தளைக் கொக்கியை அவரிடம் கொடுத்தார். "கடவுள் நம்மோடு" என்று ஜெர்மன் மொழியில் பொறித்தது. அதைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்தார். 1920 ஜனவரியில் கார்ப்பொரலாகப் படையிலிருந்து வெளியே வந்தபோது 19 வயதுகூட முடியவில்லை.

உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். முதல் உலகப் போரில் 47 லட்சம் அமெரிக்கர்கள் பணியாற்றினார்கள். அதில் பிரான்ஸுக்குப் போனது சுமார் 20 லட்சம் பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டவே இல்லை. போனவர்களிலும் பெரும்பகுதி கோவேறு கழுதை மேய்த்தது, ரயில் பாதை போட்டது, ரொட்டி சுட்டது, காயம்பட்டவர்களைத் தூக்கியது என்றுதான் இருந்தது. இறந்த 1,16,516 பேரிலும் பாதிக்கு மேல் எதிரியின் குண்டில் சாகவில்லை. நோயில் போனார்கள், அதிலும் பெரும்பாலும் இன்ஃப்ளூயன்ஸாவில். ஒரு ராணுவம் என்பது முன்வரிசை மட்டும் அல்ல. சண்டை போட்டவர்களை மட்டும்தான் கணக்கில் எடுப்போம் என்றால், ஆம்புலன்ஸ் ஓட்டியவனால் உயிர் பிழைத்தவனுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ஊர் திரும்பிய பிறகு ஓக்லஹோமா சிட்டியில், பிரான்ஸில் அமெரிக்கப் படைக்குத் தளபதியாக இருந்த ஜெனரல் பெர்ஷிங்கைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. விறைப்பாக நின்று சல்யூட் அடித்த இளைஞனைப் பெர்ஷிங் கூப்பிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். பெத்தனி என்றார் இவர். நான் பிறந்த லக்ளீடிலிருந்து நேர்கோட்டில் 43 மைல்தானே என்றார் ஜெனரல். ஊர்க்காரனைக் கண்டுபிடித்த சந்தோஷம் யாருக்கும் ஒன்றுதான் போல.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். டொரண்டோவில் கப்பல் கம்பெனி அலுவலகம், நியூயார்க்கில் வங்கி, பிறகு சரக்குக் கப்பல்களில் வேலை, தென் அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றினார். இதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட மனமில்லை. 1930-களில் முன்னாள் ராணுவத்தினருக்கு அரசு கொடுத்த போனஸ் அவருக்கு 800 டாலர் வந்தது. ஓக்லஹோமாவில் வறட்சியும் புழுதிப் புயலும் விவசாயத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம். அப்பா நிலத்தோடு போராடிக்கொண்டிருந்தார். பணத்தை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

1940-ல் கப்பல் கம்பெனி அவரைப் பிலிப்பைன்ஸில் இருக்கும் மணிலாவுக்கு அனுப்பியது. 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியபோது கிளம்பிவிடாமல் அங்கேயே இருந்து சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் உதவினார். 1942 ஜனவரி தொடக்கத்தில் ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்து, அங்கிருந்த அமெரிக்கர்களையும் பிரிட்டிஷ்காரர்களையும் பிடித்து சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் அடைத்தது. பக்கிள்ஸும் உள்ளே போனார். வயது 41 ஆகப்போகிறது. இந்தத் தடவை அவர் சிப்பாய்கூட இல்லை, சாதாரணக் கப்பல் கம்பெனி ஊழியர்.

பிறகு அவரை மாற்றிய இடம் லாஸ் பானோஸ். விவசாயக் கல்லூரி வளாகத்தைத்தான் முகாமாக்கியிருந்தார்கள். நம் ஊர் விவசாயிகளுக்கு இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்த ஐ.ஆர்.8 நெல் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான் உருவானது. அந்த நிலையம் வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், அதே ஊரில் இரண்டாயிரம் பேர் ஒரு பிடி அரிசிக்கு ஏங்கிக் கிடந்தார்கள். உணவுப் பொறுப்பில் இருந்த கோனிஷி என்ற அதிகாரி ரேஷனைக் குறைத்துக்கொண்டே போனார். கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. கடைசி வாரங்களில் குத்தாத நெல்லை அப்படியே கொடுத்தார்கள். உரலும் உலக்கையும் இல்லாத, எலும்பும் தோலுமான மனிதர்கள் கையில் நெல்லைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? உமியோடு தின்ன முடியாது. உமி நீக்கச் செலவாகும் தெம்பு, அந்த அரிசியில் கிடைக்கும் தெம்பைவிட அதிகம்.

பக்கிள்ஸின் எடை 45 கிலோவுக்கும் கீழே போனது. பெரிபெரி வந்தது. சத்தில்லாத தீட்டிய அரிசியையே தின்பவர்களுக்கு வைட்டமின் பி1 குறைந்து வருகிற நோய் அது. காலில் உணர்வு மரத்துப்போகும், நடை தள்ளாடும். அந்த நிலையிலும் கைதிகளைக் கூட்டி வரிசையாக நிறுத்தித் தினமும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். பட்டினி கிடப்பவர்கள் எதற்கு உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று தோன்றலாம். படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சாப்பிட்ட பாத்திரம் ஒரு தகரக் கோப்பை. முகாமில் காலை, மாலை கிடைத்ததெல்லாம் அதில்தான். விடுதலையான பிறகு அதைத் தூக்கிப் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார். அறுபது வருஷம் கழித்துப் பார்க்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார். பின்னாளில் பிரான்ஸ் கொடுத்த பதக்கத்தைக் காட்டுவதற்கும் அந்தக் கோப்பையைக் காட்டுவதற்கும் அவர் குரலில் வித்தியாசம் இருந்ததில்லை.

1945 பிப்ரவரி 23. காலை ஏழு மணி, தலை எண்ணும் நேரம். காவலுக்கு இருந்த ஜப்பானியச் சிப்பாய்களில் பலர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காலைப் பயிற்சியில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அமெரிக்கத் தரைப்படையின் 11-வது வான்வழிப் படைப்பிரிவின் பாராசூட் வீரர்கள் முகாம் பக்கத்திலேயே குதித்தார்கள். ராத்திரியே பதுங்கி வந்திருந்த உளவுப் பிரிவினரும் பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களும் சுற்றிலும் இருந்து பாய்ந்தார்கள். நிலத்திலும் நீரிலும் ஓடும் வண்டிகள் லகுனா ஏரியைக் கடந்து வந்து சேர்ந்தன. குழந்தைகள், கன்னியாஸ்திரிகள், முதியவர்கள் உட்பட 2,100-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். சிலர் திகைத்துப்போய் மூட்டை கட்டிக்கொண்டு நின்றதால், குடிசைகளுக்குத் தீ வைத்துத்தான் கிளப்ப வேண்டியிருந்தது. கைதிகள் ஒருவரையும் இழக்காமல் முடிந்த காரியம் என்று ராணுவ வரலாற்றில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதன் பிறகு திரும்பி வந்த ஜப்பானியப் படை, சுற்றுப்புற ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களைக் கொன்று தீர்த்தது. இந்த மீட்பைப் பேசும்போது அவர்களையும் சேர்த்துப் பேசுவதுதான் முறை.

அமெரிக்கா திரும்பிய அவர் 1946-ல் ஆட்ரி மேயோ என்ற கலிஃபோர்னியாப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1954 ஜனவரியில், 53 வயது தொடங்கும் நேரத்தில், மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ் டவுன் அருகே 330 ஏக்கர் நிலம் வாங்கினார். கேப் வியூ பண்ணை. அடிமை முறையை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த ஜான் பிரவுனை 1859-ல் தூக்கிலிட்ட ஊர் இந்தச் சார்ல்ஸ் டவுன்தான். பக்கிள்ஸ் குடும்பத்துக்கு அந்த மண் புதிதல்ல. முன்னோர் ஒருவர் 1732-லேயே அந்தப் பகுதியில் குடியேறியவர். மற்றவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் வயதில் இவர் மாடு வாங்கிக் கட்டினார். அடுத்த வருஷம் ஒரே மகள் சூசன்னா பிறந்தாள்.

இறைச்சி மாட்டுப் பண்ணை வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் மாடு என்றால் பால், காலையும் மாலையும் கறவை. அங்கே அப்படியல்ல. மாடு கன்றோடு மேய்ச்சலிலேயே கிடக்கும். வேலை முழுக்க புல்லும் வேலியும்தான். கோடை தொடங்கும்போது புல்லை அறுத்து, வெயிலில் புரட்டிக் காயவைத்து, மழை வருவதற்குள் கட்டுக் கட்டிக் களஞ்சியத்தில் அடுக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிக் களஞ்சியமே தீப்பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்தக் கட்டுகளைப் பனியில் இழுத்துப் போய்ப் போட வேண்டும், தொட்டியில் உறைந்த தண்ணீரை உடைத்துவிட வேண்டும். கன்று போடும் பருவத்தில் ராத்திரி தூக்கம் கிடையாது. 330 ஏக்கர் சதுரமாக இருந்தால்கூடச் சுற்றளவு நாலரைக் கிலோமீட்டருக்கு மேல். ஒரு மரக்கிளை ஒடிந்து கம்பி மேல் விழுந்தால் போதும், மாடு பக்கத்து நிலத்தில் நிற்கும். அதனால் வேலியை நடந்து பார்ப்பது முடிவில்லாத வேலை. இதையெல்லாம் 53 வயதில் தொடங்கியவர் நூறு வயதைத் தாண்டியும் டிராக்டர் ஓட்டினார் என்றால், அதை ஒரு ஆச்சரியச் செய்தியாக மட்டும் கடந்துபோக எனக்கு முடியவில்லை. அந்த உடம்பைக் கட்டிக் காத்ததே அந்த வேலைதான் என்று நினைக்கிறேன்.

நீண்ட ஆயுளின் ரகசியம் என்ன என்று கேட்காத நிருபர் இல்லை. நம்பிக்கை என்பார். நான் எதற்கும் அவசரப்பட்டதே இல்லை என்பார். முன்னோர்கள் நீண்ட ஆயுள் வாழ்ந்தவர்கள் என்பதும் உண்மை, அவருடைய அப்பாவே 97 வயது வரை இருந்தார். ஆட்ரி 1999-ல் காலமானார். அதன்பின் மகள் பண்ணைக்கே வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார். அதே 1999-ல்தான் பிரான்ஸ் தன் லெஜியன் ஆஃப் ஆனர் விருதை அவருக்குக் கொடுத்தது.

2008 பிப்ரவரி 4-ல் ஃபுளோரிடாவில் ஹாரி லேண்டிஸ் என்ற மற்றொரு முன்னாள் சிப்பாய் 108 வயதில் இறந்தார். அன்று முதல் 47 லட்சம் பேரில் மிச்சம் பக்கிள்ஸ் ஒருவர்தான். "ஒருநாள் ஒருவர்தான் மிஞ்சுவார் என்று தெரியும், அது நானாக இருப்பேன் என்று நினைக்கவில்லை" என்றார். அடுத்த மாதமே வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவரைச் சந்தித்தார்.

திடீரென்று வந்த இந்தப் புகழை அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் சிறந்த பகுதி. வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போருக்கும் கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் தேசிய நினைவிடம் உண்டு. முதல் உலகப் போருக்கு அப்போது இல்லை. 1931-ல் திறந்த ஒரு சின்ன வட்ட மண்டபம் மட்டும் உண்டு, அதுவும் வாஷிங்டன் நகரத்துக்காரர்களில் இறந்தவர்களுக்கானது. 2008-ல் அதைப் பார்க்கப் போனவர், அது சிதிலமாகிக் கிடப்பதைக் கண்டார். அதைச் சீரமைத்து, எல்லா அமெரிக்கச் சிப்பாய்களுக்குமான தேசிய நினைவிடமாக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். 2009 டிசம்பர் 3-ல், 108 வயதில், சக்கர நாற்காலியில் செனட் துணைக்குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. கூட இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், கேட்க நான் மட்டும்தான் இருக்கிறேன் என்ற பொறுப்போடு கேட்டார்.

ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இடம் கிடைப்பதிலும் சிக்கல் இருந்தது. விதிப்படி அவருடைய சேவைக்கு அஸ்தியை வைக்கும் மாடம்தான் கிடைக்கும், மண்ணில் புதைக்க அனுமதி இல்லை. மணிலாவில் அடைபட்டிருந்த காலம் சிவிலியன் கணக்கில் போய்விட்டது. தொழிலதிபர் ராஸ் பெரோ இதில் தலையிட்டு வெள்ளை மாளிகையிடம் பேச, 2008-ல் விதிவிலக்குக் கிடைத்தது.

அவர் இறந்ததும் நாடாளுமன்ற ரோட்டுண்டா மண்டபத்தில் உடலை வைத்து மக்கள் அஞ்சலி செலுத்த அனுமதிக்க வேண்டும் என்று மகளும் மேற்கு வர்ஜீனிய உறுப்பினர்களும் கேட்டார்கள். கீழவைத் தலைவர் ஜான் பேனரும் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீடும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் ஆர்லிங்டன் நினைவு அரங்கத்துச் சிற்றாலயத்தில் வைத்தார்கள். அந்த முடிவு தவறு என்றே நான் நினைக்கிறேன். மண்டபத்தில் வைக்கச் சொன்னது ஒரு மனிதரை அல்ல, ஒரு தலைமுறையை. அந்தத் தலைமுறைக்கு அது கடைசி வாய்ப்பு. 2011 மார்ச் 15-ல் அடக்கம். அன்று நாடு முழுக்க அரசுக் கட்டடங்களில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட ஜனாதிபதி ஒபாமா உத்தரவிட்டிருந்தார். அவரும் துணை ஜனாதிபதி பைடனும் நேரில் வந்து குடும்பத்தாரைச் சந்தித்து அஞ்சலி செலுத்தினார்கள். கல்லறை அமைந்தது 34-ம் பகுதியில், ஜெனரல் பெர்ஷிங் கல்லறைக்கு அருகில்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்பதில்: அந்த மரியாதை, அவர் எத்தனை பேரைச் சுட்டார் என்பதற்காக அல்ல. பெயர் தெரியாமல் போன 47 லட்சம் பேருக்கும் சேர்த்து அவர் கடைசி ஆளாக நின்றார், அந்த இடத்தைத் தன் பெருமைக்காகப் பயன்படுத்தாமல் அவர்களுக்காகப் பயன்படுத்தினார். உலக அளவில் பார்த்தால் அவருக்குப் பிறகும் அந்தப் போரில் பணியாற்றியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த கிளாட் சூல்ஸ் 2011 மே மாதம் ஆஸ்திரேலியாவில் இறந்தார். பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் பிரிவில் உணவு பரிமாறும் பணியில் இருந்த ஃபுளோரன்ஸ் கிரீன் 2012 பிப்ரவரியில் இறந்தார்.

அவர் கேட்ட நினைவிடம் அவர் கேட்ட இடத்தில் வரவில்லை. வட்ட மண்டபம் நகரத்தின் சொத்து, அதைத் தேசியமாக்கக் கூடாது என்று வாஷிங்டன்வாசிகள் எதிர்த்தார்கள். அதைச் சீரமைத்து 2011 நவம்பரில் மறுபடி திறந்ததோடு சரி. 2014 டிசம்பரில் வந்த சட்டம் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்ஷிங் பூங்காவைத் தேசிய நினைவிடத்துக்கு ஒதுக்கியது. 2021 ஏப்ரலில் அது பொதுமக்களுக்குத் திறந்தது. வீட்டிலிருந்து கிளம்பிப் போருக்குப் போய்த் திரும்பும் ஒரு சிப்பாயின் பயணத்தைக் காட்டும் நீண்ட வெண்கலச் சிற்பத்தை 2024 செப்டம்பரில் திறந்து வைத்தார்கள். பக்கிள்ஸின் குரலிலேயே இந்தக் கதைகளைக் கேட்க வேண்டுமானால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் முன்னாள் படைவீரர் வரலாற்றுத் திட்டத்தில் அவருடைய நேர்காணல் இருக்கிறது. நேரம் ஒதுக்கிக் கேளுங்கள், நிதானமாகப் பேசுவார்.